பிள்ளைகளுக்கு வரைதல் வழியாகச் சூழலைச் சொல்லிக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளை உட்காரவைத்து வரைய விடுகிறோம். பெற்றோர், பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடி அக்காக்கள், சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலிருந்து படித்து வந்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போகும்.

எனக்கே ஒரு கோடு நேரா போட வராதுங்க. நான் எப்படிப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர்றது?

உங்களுக்கு வரையத் தெரிய வேண்டியதில்லை, கூட உட்கார்ந்து பார்க்கத் தெரிந்தால் போதும். "இந்த இலையைப் பார்" என்று சொன்னால் ஒரு பிள்ளை அரை நிமிடம் பார்க்கும். கையில் பென்சிலைக் கொடுத்து "இதை வரை" என்றால் அதே இலையை இருபது நிமிடம் பார்க்கும். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இத்தனையும்.

முதல் நாளுக்கு நான் எப்போதும் எடுப்பது சில்வர் ஓக் இலை. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைத்த மரம், எங்கு பார்த்தாலும் உதிர்ந்து கிடக்கும். மேல்பக்கம் பச்சை, திருப்பினால் வெள்ளி மாதிரி வெளுப்பு, ஓரமெல்லாம் பெரணி போல வெட்டு வெட்டாக இருக்கும். தினமும் அதை மிதித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், திருப்பிப் பார்த்ததும் "அட, பின்னாடி வேற கலர்!" என்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது "எத்தனை வெட்டு இருக்கு? எண்ணிப் பார்த்தியா?" என்று கேட்பது மட்டும்தான். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். உங்கள் கோடும் கோணலாகப் போகிறது என்று தெரிந்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

எத்தனை வயசுல ஆரம்பிக்கலாம்?

நாலு வயதிலேயே. அந்த வயதுக்குச் சேற்றில் விரலால் கோடு போடுவது, மரப்பட்டை மேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்து அச்செடுப்பது, இது போதும். பார்த்து வரைவது ஏழு எட்டு வயதில் தானாக வரும்.

கவனமாக இருக்க வேண்டியது பத்து வயதுக்கு மேல். அதுவரை சந்தோஷமாக வரைந்த பிள்ளை திடீரென்று "எனக்கு வராது" என்று தாளை மூடிவிடும், ஏனென்றால் தான் வரைந்தது நிஜம் மாதிரி இல்லை என்று அதற்கே தெரிய ஆரம்பித்திருக்கும். அந்தச் சமயத்தில் படத்தை விட்டுவிட்டு அளவுக்குப் போங்கள்: இலை எத்தனை விரல் நீளம், நரம்பு எத்தனை, பூச்சி கடித்த ஓட்டை எத்தனை. படத்தோடு எழுத்தும் சேரட்டும். அழகாக வரையாத பிள்ளைகள் நன்றாகக் குறிப்பெடுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்னென்ன சாமான் வாங்கணும்? செலவு ஜாஸ்தி ஆகுமா?

ஒரு பென்சில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பழைய தாள், கீழே வைக்க ஒரு அட்டை. போன வருடத்துக் காலண்டர் தாளின் பின்பக்கம் மிக நல்ல தாள்.

வண்ணம் சமையலறையிலேயே இருக்கிறது. மஞ்சள்தூளைக் கரைத்தால் மஞ்சள், அதில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு, ஆரத்தி கரைக்கிற வீட்டில் இது தெரியாத ஆள் இல்லை. அடுப்புக்கரி, டீத்தூள் டிகாஷன், வாசலில் இருக்கிற செம்மண். ஊட்டிப் பக்கம் விளைகிற சிவப்பு முட்டைக்கோஸை நறுக்கி வேகவைத்த தண்ணீர் ஊதாவாக இருக்கும், அதில் எலுமிச்சை விட்டால் ரோஸ், ஆப்பசோடா போட்டால் நீலப்பச்சை. அமிலத்துக்கும் காரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே தாளில் தெரிந்துவிடும். (மஞ்சளும் பீட்ரூட்டும் வெயிலில் வெளுத்துவிடும். அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகை.)

எங்கள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது கறுப்பு மை. சீகை மரத்து (வாட்டில் மரம், சீயக்காய் இல்லை) விறகு பல வீடுகளில் இருக்கும், அதன் பட்டையைத் துண்டாக்கித் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்க வைத்தால் காபி நிறத்தில் சாறு இறங்கும், கொதிக்கவைப்பது பெரியவர்கள் வேலை. துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சாற்றில் நாலு சொட்டு விட்டால் கண்முன்னே கறுத்துவிடும். பட்டையில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். டீத்தூளிலும் கொஞ்சம் அந்தத் துவர்ப்பு உண்டு. இந்த மையை நினைவில் வையுங்கள், பின்னால் வேறொரு கேள்வியில் தேவைப்படும்.

வருஷா வருஷம் ஜூன் 5க்கு போஸ்டர் போட்டி வைக்கிறோமே, அது போதாதா?

போதாது. 1973இலிருந்து உலகச் சுற்றுச்சூழல் தினம் கொண்டாடப்படுகிறது. போட்டிக்கு வரும் படங்களைப் பாருங்கள்: கண்ணீர் விடும் பூமி உருண்டை, வெட்டுப்பட்ட மரத்துக்கு ரத்தம், ஒரு கை மேல் ஒரு செடி, கீழே "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்". கோத்தகிரியில் வரைந்ததும் ராமநாதபுரத்தில் வரைந்ததும் ஒன்றாகவே இருக்கும். வரைந்த பிள்ளை எந்த மரத்தையும் பார்த்து வரையவில்லை, போன வருடம் பரிசு வாங்கிய படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறது.

பள்ளியில் போட்டி கட்டாயம் என்றால் தலைப்பை மட்டும் மாற்றுங்கள். "உன் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வரைந்து காட்டு." நாங்கள் இதைச் செய்தபோது பாதிப் பேர் குழாயோடு நிறுத்திவிட்டார்கள், சில பேர் தொட்டி வரை போனார்கள். அடுத்த வாரம் விசாரித்துக்கொண்டு வந்து மிச்சத்தை வரைந்தார்கள். கோத்தகிரிப் பக்கத்து மலைக்காடான லாங்வுட் சோலையிலிருந்து இறங்கும் தண்ணீரைக் குடிக்கிற ஊர்ப் பிள்ளைகள், அந்தச் சோலையைத் தங்கள் வீட்டுக் குழாயோடு ஒரே தாளில் சேர்த்து வரைந்தது அன்றைக்குத்தான்.

என் பொண்ணு மரத்துக்கு நீலக் கலர் அடிச்சிருக்கா. தப்புன்னு சொல்லணுமா, விட்டுடணுமா?

இரண்டும் வேண்டாம். "எங்க பார்த்தே?" என்று கேளுங்கள். எங்களிடம் ஒரு இரண்டாம் வகுப்புப் பையன் இலைக்கு வெளிர்நீலம் அடித்தான், பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். வெட்டிய கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இளம் இலை. சாம்பல் பூசிய நீலமாகத்தான் இருந்தது, உருண்டையாக, காம்பில்லாமல், எதிரெதிராக. அதே மரம் வளர்ந்தபின் இலை அரிவாள் மாதிரி நீண்டு பச்சையாகிவிடும். நாங்கள் அத்தனை பேரும் அதுவரை பார்க்காததை அவன் பார்த்திருந்தான்.

அதனால் திருத்துவதற்கு முன் ஒருமுறை பிள்ளை காட்டும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பார்க்காமல் அடித்த நிறம் என்றால், திரும்பப் பார்க்கும்போது அதுவே மாற்றிக்கொள்ளும். கற்பனையாக வரைகிற படத்தில் மரம் எந்த நிறமும் இருக்கலாம், அங்கே யாரும் வாய் திறக்க வேண்டாம்.

காலி பாட்டில்ல பென்குயின், தெர்மாகோல்ல மரம்னு பண்றாங்களே, அது நல்லதுதானே?

வீட்டில் ஏற்கெனவே கிடக்கிற பொருள் என்றால் சரி. கண்காட்சிக்காகத் தெர்மாகோல் ஷீட்டும் ஜிகினாத் தூளும் கடையில் வாங்கிச் செய்கிற "சூழல் மாதிரி", மறுநாள் குப்பைக்குப் போகிறது. தெர்மாகோலும் ஜிகினாவும் பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை இருக்கிறது, நீலகிரியில் அதற்கும் பல வருடம் முன்பே கட்டுப்பாடு வந்துவிட்டது.

குப்பையை வைத்துச் செய்வதைவிடக் குப்பையை வரைவது நல்ல பலன் தருகிறது. தொடர்விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, உங்கள் தெருவில் ஐம்பதடி தூரத்துக்கு ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். சிப்ஸ் கவருக்கு ஒரு குறி, கப்புக்கு ஒரு குறி, பாட்டிலுக்கு ஒரு குறி. எந்த வளைவில் வண்டியை நிறுத்துகிறார்கள், எந்தக் கடை வாசலில் குப்பைக்கூடை இல்லை என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே தெரியும். அப்படி ஒரு வரைபடத்தைப் பிள்ளைகள் கடைக்காரர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்ட, அவர் மறுவாரம் ஒரு பழைய டப்பாவை வெளியே வைத்தார்.

பூ, இலை, பாசியெல்லாம் பறிச்சு ஒட்டலாமா?

கீழே விழுந்ததை மட்டும். செடியில் இருப்பதைச் செடியிலேயே வைத்து வரையலாம், நாளைக்கும் வந்து வரையலாம். சோலைக்குள்ளிருந்து எதையும் எடுக்கக் கூடாது, அது சட்டப்படியும் தவறு. பாறையிலும் மரத்திலும் ஒட்டியிருக்கும் கற்பாசி மிக மெதுவாக வளரும், ஒரு பிள்ளை நகத்தால் சுரண்டுவதை மலை திருப்பிக் கொடுக்கப் பல வருடம் ஆகும். மரப்பட்டை அச்செடுக்கும்போதும் பாசி இல்லாத இடமாகப் பார்த்துக் கொள்ளுங்கள்.

வெளிய கூட்டிட்டுப் போனா காட்டுமாடு, கரடி வருமே. யார் பொறுப்பு?

பொறுப்பு கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான், அதனால் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை மூன்று மணிக்குப் பின்னும் பிள்ளைகளை வெளியே வைத்திருப்பதில்லை. முதல் நாள் அந்தப் பக்கம் என்ன நடமாட்டம் என்று தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டுவிடுவோம், அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. வரிசைக்கு முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். புதர் ஓரமாக உட்காராமல் நாலு பக்கமும் தெரிகிற இடத்தில் உட்கார்வோம். காட்டுமாடு தெரிந்தால் கத்தாமல், ஓடாமல், அதற்கு வழிவிட்டு வந்த வழியே திரும்புவது. படம் எடுக்க நிற்பது கிடையாது.

சந்தேகம் இருக்கிற நாளில் ஜன்னலே போதும். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, எங்கள் பக்கம் வெளியே போக முடியாத நாள் நிறைய. பனிமூட்டம் ஏறும்போது ஜன்னலில் தெரிகிற மரங்கள் ஒவ்வொன்றாக மறையும், அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு படம் போடச் சொல்லுங்கள். கடைசித் தாள் வெள்ளையாக வரும்போது அவர்களுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே!

போட்டோ எடுத்துட்டு வந்து வீட்ல பார்த்து வரையலாமே?

பறவை, மலையணில், கருமந்தி மாதிரி நிற்காத உயிர்களுக்குப் போட்டோ உதவும். இலை, கல், பூச்சிக்கூடு, மரம் இதற்கெல்லாம் வேண்டாம். போட்டோவில் வாசனை இல்லை, திருப்பிப் பார்க்க முடியாது, அந்த சில்வர் ஓக் இலையின் பின்பக்கம் படத்தில் கிடைக்காது. கம்ப்யூட்டர் வரைந்து தரும் படங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். வரைகிற வேலையை வேறு யாரோ செய்துவிட்டால் முதல் பதிலில் சொன்ன இருபது நிமிடம் போய்விடுகிறது.

இங்க புல்வெளியை ஏன் பெரிசா பேசறாங்க? பிள்ளை வரைஞ்சா அது வெறும் பச்சைதானே?

பிள்ளைகள் மட்டுமில்லை, பெரியவர்களும் புல்வெளியைக் காலி இடமாகத்தான் வரைகிறார்கள். அதனால்தான் அதில் மரம் வைக்கத் தோன்றுகிறது. நீலகிரியின் உயரமான பகுதிகளில் மலைச்சரிவு முழுக்கப் புல், மடிப்புகளில் மட்டும் சோலை, இதுதான் பழைய அமைப்பு. இரண்டும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகின்றன. நம் மாநில விலங்கான வரையாடு மேய்வதும் புல்வெளியில்தான்.

இதைக் காட்ட எங்களுக்குக் கிடைத்த நல்ல வழி எண்ணெய்த்தாள். மெல்லிய தாளில் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் கண்ணாடி மாதிரி ஊடே தெரியும். முதல் தாளில் மலை, புல், மடிப்பில் சோலை, நடுவே ஓடை. அதன் மேல் இரண்டாவது தாள்: 1840களிலிருந்து வந்த கற்பூர மரமும் சீகையும். மூன்றாவதில் தேயிலை, காய்கறித் தோட்டம். நாலாவதில் ரோடு, வீடு, லாட்ஜ். ஒவ்வொன்றாக வைக்க வைக்க அடித்தாள் மங்கிக்கொண்டே போகும். இதைச் செய்யும்போது வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

அந்தக் கறுப்பு மை இங்கே வருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையைக் கொண்டுவந்ததற்கு விறகு ஒரு காரணம், தோல் பதனிட உதவும் பட்டைத் துவர்ப்பு இன்னொரு காரணம். பிறகு அது தானாகவே புல்வெளிகளுக்குள் பரவிவிட்டது. இரண்டாவது தாளில் சீகை மரத்தைச் சீகை மையாலேயே வரையச் சொல்வேன். ஒரு மரம் ஏன் வந்தது, எப்படிப் பரவியது என்று நான் பாடம் நடத்த வேண்டியதே இல்லை, பட்டையை அவர்களே வேகவைத்துப் பார்த்தவர்கள்.

எங்க வீட்டுச் சோறே தேயிலைலதான் வருது. தேயிலை கெட்டதுன்னு பிள்ளைக்குச் சொல்லித்தரப் போறீங்களா?

ஒரு அம்மா இதைக் கோபமாகத்தான் கேட்டார், கேட்டது நியாயம். எண்ணெய்த்தாள் படத்தைப் பார்த்துவிட்டு அவர் மகள் வீட்டில் போய் "நம்ம தோட்டம் தப்பா அம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு நான் தேயிலைத் தாளை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டது பிழை. கையகல நிலம் வைத்துப் பச்சைத் தேயிலை விற்கிற குடும்பத்துப் பிள்ளை, தன் வீட்டைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வகுப்பிலிருந்து போகக் கூடாது.

அதற்கப்புறம் முதலில் தேயிலையையே வரைகிறோம். கொழுந்து கிள்ளும் அம்மாவின் கை, கறை படிந்த விரல் நுனி, முதுகில் தொங்கும் கூடை. பிறகு ஒரு செடியை எடுத்துக்கொண்டு அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று: சிலந்தி, எறும்பு, குருவிக்கூடு. வெள்ளை இதழும் நடுவே மஞ்சளுமாக இருக்கும் தேயிலைப் பூவை, தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் அதுவரை வரைந்ததில்லை. கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணாமல் விட்டால் அது மரமாகவே வளரும் என்று ஒரு தாத்தா வந்து காட்டினார். அந்தத் தோட்டத்து ஓரத்தில் ஓடை இருந்தால் அதன் கரையில் இப்போது என்ன இருக்கிறது, என்ன இருக்கலாம் என்று வரைவது அதற்குப் பின்னால். அந்த மகள் ஓடையோரம் நாலு சோலை மரம் வரைந்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். நட்டார்களா என்று நான் கேட்கவில்லை, அது அவர்கள் வீட்டு விஷயம்.

தோடர் பூவேலை, குறும்பர் ஓவியம் இதையெல்லாம் வகுப்புல பண்ண வைக்கலாமா?

பார்க்கலாம், கற்கலாம், நம்முடையது என்று சொல்லக் கூடாது. தோடர் பூவேலை வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, அச்சு எதுவும் இல்லாமல் நூலை எண்ணி எண்ணிப் போடுவது, 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. கட்டத்தாளில் எண்ணிப் பார்த்தால் அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் அதை வாழ்த்து அட்டையாக்கி விற்கவோ "தோடர் கலை" என்று பலகை வைக்கவோ வேண்டாம். ஆலு குறும்பர்களின் ஓவியம் அவர்களுடைய பழைய பாறை ஓவிய மரபோடு சேர்ந்தது, செடியும் மண்ணும் தரும் நிறங்களால் தீட்டுவது. அதை நான் சொல்லித்தருவதைவிட, தெரிந்தவரை அழைத்து, அவர் சொல்கிற கூலியைக் கொடுத்து, அவர் சொல்ல விரும்புகிற அளவுக்குக் கேட்பதுதான் முறை. சும்மா வந்து சொல்லித்தாருங்கள் என்று கேட்காதீர்கள்.

உண்ணிச்செடியை (லாண்டானா) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காட்டை மூடிப்போடுகிற அந்நியச் செடி அது. அதன் தண்டைக் கொண்டு கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் ஆளுயர யானைகளைச் செய்தார்கள், 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. உள்ளூர் யானைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, முகம் அடையாளம் வைத்துச் செய்தவை என்பதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நிலச்சரிவு, காட்டுத்தீ பத்தி வரையச் சொன்னா ராத்திரி பயந்து எந்திரிக்கிறாங்க. சொல்லாம விட்டுடலாமா?

சின்னப் பிள்ளைகளிடம் நீங்களாக அந்தத் தலைப்பைக் கொடுக்காதீர்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்து மாவட்டத்தில் 40க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அந்த ராத்திரியை நினைவில் வைத்திருக்கிற வீடுகள் இங்கே நிறைய. எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. தானாக ஒரு பிள்ளை சரிந்த வீட்டை வரைந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அது சொல்வதைக் கேளுங்கள், படத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு மழை ஓடும் பாதையை வரையக் கொடுக்கலாம். கூரையில் விழுந்த தண்ணீர் எங்கே போகிறது, எந்தக் கால்வாய் அடைத்திருக்கிறது, எந்த மண்சுவரில் வேர் வெளியே தெரிகிறது. பயம் குறைவது, பார்த்து எதையாவது செய்ய முடிகிறபோதுதான். மேலே சொன்ன குப்பை வரைபடம் போலவே, அடைத்த கால்வாயைக் குறித்த படமும் வார்டு உறுப்பினர் கைக்குப் போகலாம்.

மார்க் போட வேண்டாமா? கத்துக்கிட்டாங்கன்னு எப்படித் தெரியும்?

மார்க் வேண்டாம், போஸ்டர் போட்டியைப் பற்றிச் சொன்ன எல்லாமே மறுபடியும் உள்ளே வந்துவிடும். முதல் படத்தையும் பத்தாவது படத்தையும் பக்கத்தில் வையுங்கள். முதலில் "மரம்" இருக்கும், பத்தாவதில் இன்ன மரம் என்று சொல்கிற மாதிரி இருக்கும். இன்னொன்று, பிள்ளை உங்களிடம் கேட்கும் கேள்வி மாறும். "இது நல்லா இருக்கா?" போய், "இது ஏன் இங்க மட்டும் முளைக்குது?" என்று வரும்.

வரைஞ்சதெல்லாம் வீட்ல குவியுதுங்க. என்ன பண்றது?

லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள், அதுவும் பிளாஸ்டிக்தான். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி, இடம், மழையா வெயிலா என்று எழுதச் சொல்லி, பழைய தகரப் பெட்டியில் வரிசையாக வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ரேஷன் கடைத் திண்ணையில் கொடி கட்டி, துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறோம். அரிசி வாங்க நிற்கிறவர்கள் அத்தனை பேரும் பார்த்துவிட்டு "இது எங்க வீட்டுப் பக்கம் இருக்கிற பாறை" என்பார்கள்.

எங்கள் பெட்டியில் ஒரு கட்டு மட்டும் தனியாக இருக்கிறது, நீலக்குறிஞ்சிச் செடியின் படங்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் பல இடங்களில் 2006லும் 2018லும் கூட்டமாகப் பூத்தது, பூத்த செடி காய்ந்து போகும், விதையிலிருந்து புதுச்செடி வரும். அப்படி 2018க்குப் பிறகு முளைத்த செடிகளும் இப்போது இரண்டாவது மூன்றாவது படிக்கிற பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வயது. பூ இல்லாத அந்தப் புதரை வருடத்துக்கு ஒருமுறை போய், உயரத்தை அளந்து, வரைந்துகொண்டு வருகிறோம். 2030க்கு என்று ஒரு பெரிய வெள்ளைத்தாளைச் சுருட்டி அந்தக் கட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்.